குறுக்கே வெட்டின பட்டை

வாங்க, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, இப்படி ஜன்னலோரமா உக்காருங்க. பேசற ஆளு மூஞ்சி வெளிச்சத்துல இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். கோபியில இருந்து வர்றேன்னீங்க, பையனுக்குத் தாய்மாமன்னீங்க, சரிங்க. கோபியில எந்த வீதி? இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன். போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் கேஸ் கம்பெனி ஆளுன்னு வந்து உக்காந்து காப்பி குடிச்சான், கடைசில பாத்தா இன்சூரன்ஸ் விக்கறவன். உங்க போனை மட்டும் அந்த மேசை மேல கவுத்து வச்சிருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, என் பேச்சு என் ஊட்டை விட்டு வெளிய போறது எனக்கு ஆவறதில்லை.

தேவானை, ரெண்டு காப்பி.

அந்த அம்மிணியைப் பத்தி விசாரிக்கணும்னா தாராளமா விசாரிங்க. பொண்ணு எடுக்கறவங்க நாலு எடத்துல கேட்டுத்தான் எடுக்கணும். மிருதுளா. உடுமலைப் பக்கம். அப்பன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க கம்பெனில ரெண்டரை வருசம் இன்ஜினியரா இருந்துச்சு. நடத்தையில ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. வரும், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரும், சாயந்திரம் வண்டியை எடுத்துக்கிட்டு ஆஸ்டலுக்குப் போயிரும். ஒருத்தரைப் பத்திக் கெட்டது பேசற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா நீங்க கேட்டீங்க பாருங்க, ஆபீசுல எதையோ திருடினதாலதான் அனுப்பிச்சுட்டாங்களாமேன்னு, அதுக்குத்தான் ரோசிக்கறேன். அது கோபி வரைக்கும் வந்துருச்சா? அந்த ஒரு பேச்சுக்காக உங்க அக்கா நிச்சயத்துக்கு உப்புச்சக்கரை மாத்தாம நிறுத்தி வச்சிருக்காங்கன்னா, நான் சொல்றதைக் கேட்டுத்தான் முடிவுன்னா, மொதல்ல இருந்தே சொல்லிடறேன்.

எங்க கம்பெனி குறிச்சி தாண்டி இருக்குதுங்க. வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் சாமான் அடிச்சுக் குடுக்கறோம். பிளாஸ்டிக்குன்னா குடம், பக்கெட்டு இல்லீங்க. நைலான்ல கண்ணாடி நாரைப் பொடிப்பொடியா நறுக்கிக் கலந்து குருணையா வரும். ஒவ்வொரு நாரும் எள்ளு நீளம்கூட இருக்காது. அதை உருக்கி அச்சுக்குள்ள பீச்சினா இரும்பாட்டம் வரும். நான் அங்க டெஸ்ட் ரூம். அடிச்ச தகட்டுல இருந்து பட்டை வெட்டி, இழுவை மெஷின்ல ரெண்டு முனையையும் கவ்வ விட்டு இழுப்பேன். எவ்வளவு இழுத்தா எவ்வளவு நீளுது, அதுதான் விறைப்பு. எப்ப அறுந்து போவுது, அதுதான் பலம். இருபத்தஞ்சு வருசமா, ஒரு சாமான் ஆகுமா ஆகாதான்னு தெரியணும்னா இந்தச் சென்னியப்பன் ரூமுக்குத்தான் வரணும். மொதலாளியே கதவைத் தட்டிட்டுத்தான் வருவாரு.

அப்பத்தான் இந்தப் புள்ளை வந்துது. கம்ப்யூட்டர்லயே கணக்குப் போட்டு, எந்த எடத்துல எவ்வளவு விறைப்பு, எந்த எடத்துல அழுத்தம் ஏறும், எங்க உடையும், எல்லாத்தையும் அச்சு செய்யறதுக்கு முன்னாடியே சொல்லிருமாம். மொதலாளி என்னைக் கூப்பிட்டுப் பெருமையாச் சொன்னாரு. ஜோசியக்காரியான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. அந்தப் புள்ளையும் சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சுதுன்னு அப்பவே மனசுல குறிச்சுக்கிட்டேன்.

மொத தகட்டுக்கு விறைப்பு இவ்வளவு வரும்னு மீட்டிங்ல சொன்னா. இழுத்தேன். அதேதான் வந்துது. சரி, குருட்டுப் பூனை விட்டத்துல பாய்ஞ்ச கதைன்னு விட்டுட்டேன். அடுத்து வேற குருணை, கண்ணாடி ஜாஸ்தி. அதுக்கும் சொன்னா, அதுவும் வந்துது. அதுக்கடுத்ததும் வந்துது. ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, ஒரு புள்ளை எல்லாப் பரிச்சையிலயும் நூத்துக்கு நூறு வாங்கினா வாத்தியாரு என்ன நினைப்பாரு? கேள்வித்தாளு முன்கூட்டியே வெளிய போயிருக்குதுன்னுதான நினைப்பாரு. நல்லாப் படிக்குதுன்னும் நினைப்பாங்களா? அப்படி நினைக்கற வாத்தியாரு வெள்ளந்தி.

ஆரு வெளிய விட்டாங்கன்னு ரோசிச்சேன். என் ரூம்ல எனக்குக் கையாளா மாரப்பன்னு ஒருத்தன், ரொம்ப வருசமா இருக்கறவன். அவனும் உடுமலைப் பக்கம். டீ குடிக்கறப்ப ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. என்னடா பேசறீங்கன்னு கேட்டா, ஊர்ல மழை பேஞ்சுதான்னு கேட்டேன்ணாங்கறான். மழையைப் பத்தி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்குது? நான் சாப்பிடப் போற நேரத்துல இவன் ஒரு பட்டையை இழுத்துப் பாத்து அவகிட்ட ஓதியிருக்கணும். மொதலாளிகிட்டச் சொல்லி அவனை ஸ்டோருக்குத் தாட்டி விட்டேன். பாவம், கண்ணுல தண்ணி விட்டான். சந்தேகம்னு வந்தப்பறம் பாவம் பாத்தா வேலைக்காகுமா? ரூமுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அதுக்கப்பறமும் அவ சொன்னதுதான் வந்துது.

ஒரு நாள் சாயந்திரம் அவ வண்டிக்குப் பின்னாலயே போயிப் பாத்தேன். ஆரைப் பாக்கறா, எங்க போறான்னு தெரியணுமில்ல. ஆஸ்டலுக்குப் போகலை. உக்கடத்துல பழைய சாமான் கடை வீதில நிறுத்தினா. அங்க ஒடஞ்ச பம்பர், ஒடஞ்ச வண்டி மூடி எல்லாம் மலையாட்டம் கிடக்குது. அதுக்கு முன்னால குத்தவச்சு உக்காந்து ஒவ்வொரு துண்டா எடுத்து, ஒடஞ்ச எடத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. துப்பட்டாவெல்லாம் கிரீஸ். படிச்ச பொண்ணுக்கு அங்க என்னங்க சோலி? வேற கம்பெனிக்காரன் எவனோ அந்தக் கடைக்கு வந்து சேதி வாங்கிட்டுப் போறான்னு முடிவு பண்ணேன். நான் நின்ன வரைக்கும் ஒருத்தனும் வரலை. நான் நிக்கறது தெரிஞ்சிருக்கும்.

அப்பத்தான் ஒரு பொறி வச்சேன். இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. தகடு நீளமா இருக்கும். ஒரு முனையில பிளாஸ்டிக் உள்ள போயி மறு முனைக்கு ஓடும். பட்டையை நாங்க எப்பவும் நீளவாக்குலதான் வெட்டுவோம். நீளமாக் கிடைக்கும், மெஷின் நல்லாக் கவ்வும், கழிவும் கம்மி. எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் வெட்டினாரு, அவருக்குச் சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் வெட்டியிருப்பாரு. வேற மாதிரி வெட்டலாம்னே ஒருத்தருக்கும் தோணினதில்லை. நான் குறுக்கே வெட்டினேன். ஆயுத பூஜை அன்னைக்கு, எல்லாரும் வாசல்ல பூசணிக்காய் உடைச்சுப் பொரி வாங்கிட்டு நிக்கறப்ப, கதவைச் சாத்திக்கிட்டு வெட்டினேன். பொட்டு வச்ச மெஷினை அன்னைக்கு ஓட்டக் கூடாதுங்க. ஓட்டினேன். சாமி மன்னிக்கட்டும், திருட்டைப் பிடிக்க வேற நாளு வாய்க்கலை.

இழுத்தா, எப்பவும் வர்ற விறைப்புல பாதிக்குச் சித்த மேலதான் வருது. நானே ஆடிப் போயிட்டேன். அதே குருணை, அதே தகடு, அதே மெஷின். சரி, நமக்கு அதுவா முக்கியம்? பொறிக்கு நல்ல தீனி கிடைச்சுதுன்னு சந்தோசப்பட்டேன்.

பூஜை லீவு முடிஞ்சதும் நேரா அவ மேசைக்குப் போனேன். அம்மிணி, பழைய தகடுதான், இப்ப இவ்வளவுதான் வருது, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாருன்னேன். தடுமாறுவா, குருணையில ஈரம் ஏறிருச்சு அது இதுன்னு எதையாச்சும் உளறுவா, அப்பப் பிடிச்சுக்கலாம்னு நின்னேன். அவ நம்பரைப் பாத்தா. என்னைப் பாத்தா. கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டினா. தட்டிட்டு மெதுவாக் கேட்டா.

"சார், பட்டையைக் குறுக்கே வெட்டுனீங்களாங்க?"

கதவு சாத்தியிருந்துது. ஜன்னல் கண்ணாடியில ஒரு இஞ்சு அழுக்கு. ஆரு பாத்தா?

அவ பாட்டுக்குச் சந்தோசமா விளக்கம் சொல்றா. வாய்க்கால் தண்ணியில வைக்கோல் போனா, தண்ணி போற பக்கமே திரும்பிக்கிட்டுத்தான போவும், அந்த மாதிரி பிளாஸ்டிக் ஓடற பக்கமே பெரும்பாலான நாரும் படுத்துக்குமாம். அந்தப் பக்கம் இழுத்தா நாரு தாங்குமாம். குறுக்கே இழுத்தா நைலான்தான் பெரும்பாடு படணுமாம். நாரு எந்தப் பக்கம் எவ்வளவு படுத்திருக்குதுன்னு கணக்குல பிடிச்சுட்டா விறைப்பையும் சொல்லிரலாமாம். குறுக்குவாக்கு நம்பர் இல்லாமத் தவிச்சுக்கிட்டு இருந்தாளாம், கேட்டா நான் தப்பா நினைப்பேன்னு கேக்கலையாம். நல்லவேளை நீங்களே வெட்டினீங்க, நெம்ப தேங்க்ஸுங்க சார்னா.

தேங்க்ஸ். சாமர்த்தியத்தைப் பாத்தீங்களா? கையும் களவுமாப் பிடிபட்டவ நமக்கே நன்றி சொல்றா. அன்னைக்கு டியூப்லைட்டுப் பொந்துல இருந்து மெஷினுக்கு அடி வரைக்கும் கேமராவைத் தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை. காத்தாடி ஓட்டைக்கு அட்டை வச்சு அடிச்சேன். கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லீங்க, நல்லா ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்.

காப்பியைக் குடிங்க, ஆறுது. என்னங்க சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி.

அப்பறம் அந்தக் கைப்பிடி வந்துது. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்கறது. சேலை கட்டினவங்க ஒருக்களிச்சு உக்காந்து, மடியில கொளந்தையை வச்சுக்கிட்டு, மிச்சமிருக்கற ஒத்தக் கையில அதைத்தான பிடிக்கறாங்க. இரும்புல இருந்ததை எங்க நைலான்ல அடிக்கச் சொல்லி ஆர்டர். நூத்தம்பது கிலோ தாங்கணும்னாங்க. அச்சும் செஞ்சாச்சு. என் பட்டை, நீளவாக்குல வெட்டினது, ஜோரா வந்துது. குறுக்குவாக்கா? அதைக் கணக்குல சேக்கலை, அது பொறிக்காக வெட்டினதுதான. பாஸுன்னேன். இந்தப் புள்ளை மட்டும் ஆவாதுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. போல்ட் ஓட்டையைச் சுத்திக்கிட்டு ரெண்டு பக்கமா ஓடற பிளாஸ்டிக் அந்தப்பக்கம் வந்து சேருமாம். சேர்ற எடத்துல நாரு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்காதாம். அழுத்தம் ஏறறதும் சரியா அங்கதானாம். நூத்திப் பத்துக்கு மேல தாங்காது, பிளாஸ்டிக் உள்ள போற வாயை எடம் மாத்தணும்னு விரல் வச்சுக் காட்டினா. மொதலாளி மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. எனக்கு உள்ளுக்குள்ள வெல்லம் தின்னாப்பல இருந்துது.

முழுக் கைப்பிடியையே இழுத்துப் பாத்துருவோம்னு முடிவாச்சு. மொதலாளி ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், நான் மெஷின்ல. நூறு தாண்டுச்சு. நான் அவளைப் பாத்தேன். ஜெயிக்கப் போறவ மூஞ்சி மாதிரி இல்லீங்க அது. உடையாம இருந்தாத் தேவலைன்னு வேண்டிக்கிட்டு நிக்கறவ மாதிரி நின்னா. நடிப்பு. நூத்திப் பன்னண்டுல டப்புன்னு போச்சு. அவ விரல் வச்ச எடத்துலயே போச்சு.

மொதலாளி அவளை வெளிய அனுப்பிட்டு என் தோள்ல கை போட்டாரு. சென்னியப்பா, கோணலா மாட்டிட்டீன்னு நினைக்கறேன், நூத்தம்பத்தஞ்சுன்னு போட்டுரு, சாம்பிள் போகட்டும், பொறவு பாத்துக்கலாம்னாரு. எனக்கு அவ மேல இருந்த காட்டத்துக்குப் போட்டிருக்கலாம். போட்டிருந்தா அவ வாயி அன்னைக்கோட அடைஞ்சிருக்கும். ஆனா மெஷின் காட்டினது நூத்திப் பன்னண்டு, நான் எழுதினதும் நூத்திப் பன்னண்டு. மெஷின் காட்டாததை எழுதறதுக்கு நான் எதுக்கு, ஒரு கிளியைக் கூண்டுல வச்சுச் சீட்டு எடுக்கச் சொல்லலாமே. மொதலாளி ஒரு மாசம் என் மூஞ்சியைப் பாக்கலை. கடைசில அச்சை மாத்தினாங்க, அவ சொன்ன எடத்துலயே வாயை வச்சு. அப்பறம் இழுத்தா நூத்தம்பது தாண்டியும் நின்னுது. இப்ப ரோட்டுல ஓடறது அந்தக் கைப்பிடிதான்.

ஒடஞ்ச துண்டை ஊட்டுக்குக் கொண்டாந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், முன்கூட்டியே ரம்பம் போட்டு வச்சாளான்னு. ஒரு கீறலும் இல்லை. அவ்வளவு நைசாப் பண்ணியிருக்கா.

அதுக்கப்பறம்தான் மொதலாளிகிட்டப் போயிச் சொன்னேன். என் ரூம் ரீடிங்கை அந்தப் புள்ளை களவாங்குது, எப்படின்னு தெரியலை, ஆனா களவாங்குதுன்னேன். அவரு ஏற்கெனவே அச்சு மாத்தின வயித்தெரிச்சல்ல இருந்தாரு. வெறும் வாயை மெல்றவருக்கு அவல் கிடைச்சாப்பல ஆச்சு. கூப்பிட்டு என்ன கேட்டாரோ தெரியாது. அவ சண்டை போடலை. ஓசூர்ல வேலை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. போறன்னைக்கு என் ரூம் கதவைத் தட்டிட்டு வாசல்லயே நின்னா. போயிட்டு வர்றேனுங்க சார், அந்தக் குறுக்குப் பட்டையை மட்டும் விட்டுராதீங்கன்னா. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும்தான் வெட்டறேன். அவ சொன்னதுக்காக இல்லீங்க, எனக்கே தோணுச்சு.

இவ்வளவுதான். நான் ஆரையும் அனுப்பலை, அவளாப் போனா. மொதலாளிகிட்டச் சொன்னேன், அவரு அவரு மச்சான்கிட்டச் சொல்லியிருப்பாரு, மச்சானுக்குக் கோபியில பொண்ணு குடுத்த ஊடு இருக்குது. பேச்சுக்குக் காலு முளைச்சா நான் என்ன பண்றது?

என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, வேண்டாமுங்க. ரெண்டரை வருசத்துல அந்தப் புள்ளை வாயில இருந்து வந்தது ஒண்ணுகூடத் தப்பாப் போகலை. அப்படி ஒருத்தியை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வச்சுக்கிட்டு எந்த ஆம்பளை நிம்மதியா இருப்பான்? உங்க பையன் எங்கயாச்சும் சுத்திட்டு வந்து ஆபீசுல வேலைன்னு சொன்னா, மூஞ்சியைப் பாத்தே எந்த ரோட்டுல வந்தேன்னு சொல்லிருவா.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? என்ன கேட்டீங்க?

கண்ணால பாத்தேனான்னா?

பாக்கறதுன்னா, அது வந்து, அந்தக் கேமரா மட்டும் கிடைச்சிருந்தா... இருங்க. இதை மட்டும் குறி வச்சுக் கேக்கறீங்களே, ஆரு உங்களை என்கிட்ட அனுப்பினது? மாரப்பனா? மொதலாளியா?

அவளா?

சும்மா சொல்லாதீங்க. என் பேரை அவ எதுக்குச் சொல்றா? அவளைத் தூக்கி வளத்தவங்க உடுமலையில எத்தனை பேரு இருப்பாங்க, காலேஜுல வாத்தியாருங்க இருப்பாங்க. அவங்களை விட்டுட்டு என்னையா? சரி, என்ன சொன்னா? சொன்னதை அப்படியே சொல்லுங்க, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

"என்னைப் பத்தித் தெரியணும்னா சென்னியப்பன் சாரைக் கேளுங்க. அவருக்கு என்னைப் பிடிக்காது. ஆனா இல்லாத ரீடிங்கை எழுத மாட்டாரு."

அப்படியேவா சொன்னா? இதைச் சொல்றப்ப சிரிச்சாளா? சிரிக்கலையா.

எனக்கு என்னமோ பண்ணுதுங்க. இருபத்தஞ்சு வருசம் அந்த மெஷின் முன்னாடி நின்னிருக்கேன், மொதலாளிகூட என்னைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னால வேலையை விட்டுப் போனவ சொல்றா. இதுலயும் ஒரு கணக்குப் போட்டிருப்பா அவ, இந்த ஆளை இப்படி இழுத்தா இப்படித்தான் வருவான்னு. போட்டிருப்பா. போட்டுட்டுப் போகட்டும்.

உக்காருங்க, கேட்டதுக்குச் சொல்றேன். பாக்கலை. நான் இல்லாதப்ப அந்தப் புள்ளை என் ரூமுக்குள்ள காலு வச்சதை நான் பாக்கலை. ஒரு பட்டையைத் தொட்டதைப் பாக்கலை. ரீடிங்கை எட்டிப் பாத்ததைக்கூடப் பாக்கலை. அவ சொன்னா, நான் இழுத்தேன், அதேதான் வந்துது. நான் பாத்தது அவ்வளவுதாங்க. திருடினாங்கறது மெஷின் காட்டாதது. அது நானாச் சொன்னது. உங்க அக்காகிட்ட இப்படியே சொல்லுங்க, சென்னியப்பன் சொன்னான்னு என் பேரைப் போட்டே சொல்லுங்க.

அதுக்குள்ள எங்க கிளம்பறீங்க? இன்னும் முடியலைங்க. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கறதாச் சொன்னீங்க. சொந்தமா, கூட்டா? குடிக்க மாட்டாரா? கோபம் வருமா? நீங்க தாய்மாமன், நல்லதாத்தான் சொல்லுவீங்க. அந்தப் புள்ளையோட அப்பன் வயசான மனுசன், அங்கயும் இங்கயும் அலைஞ்சு விசாரிக்க அவரால ஆகாது. வர்ற ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். உங்க பையனைப் பிடிக்காத ஆளு ஒருத்தர் பேரும் ஊடும் மட்டும் சொல்லிட்டுப் போங்க.